உயில் எழுதுவது அபசகுனமா?

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15ஆம் நாள் பாலார்பட்டியில் ஜான் பென்னிகுவிக்கின் படத்தை வைத்துப் பொங்கலிடுகிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் திறக்கப்பட்ட மணிமண்டபத்தில் அவர் சிலைக்கு மாலை விழுகிறது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீரால் இரு போகம் கண்ட கம்பம் பள்ளத்தாக்கு அவர் பிறந்த நாளை மறப்பதில்லை. சாதி, சமயம் பாராமல் எல்லா வீட்டிலும் அவர் பெயர் விளங்குகிறது. ஆனால் அந்தப் பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக அவருடைய குடும்பத்துக்கு நேர்ந்தது என்ன என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபின் சிலியான்வாலாப் போர்க்களத்தில், படைப்பிரிவொன்றுக்குத் தலைமையேற்றுச் சென்ற அவருடைய தந்தை மடிந்தார். அதே களத்தில், தந்தையின் உடலைக் காக்க நின்ற பதினேழு வயது அண்ணன் அலெக்சாண்டரும் மடிந்தார். ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஒரே நாளில் கணவனையும் மகனையும் இழந்த அந்தத் தாயைப் பற்றி நம் பள்ளத்தாக்கில் யாரும் பேசுவதில்லை. இது இயல்புதான். போரில் மாண்டவனுக்குச் சிலை வைப்பது உலக வழக்கம்; அவன் வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் மறுநாள் காலையில் எந்த அலுவலகத்தின் வாசலில் நிற்கிறார்கள் என்பதை உலகம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கடமை பங்குச் சமூகமான நமக்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். இதுவரை நாம் கேட்கவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் நாமும் அடக்கம்.

இராயப்பன்பட்டியிலோ அனுமந்தன்பட்டியிலோ விடுப்பு முடிந்து ஒரு பிள்ளை படைக்குத் திரும்பும் காட்சியை நினைத்துப் பாருங்கள். முதல்நாள் மாலையில் அன்பியத்தார் கூடிச் செபமாலை சொல்கிறார்கள். மறுநாள் காலைத் திருப்பலி அவன் கருத்துக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது. படைவீரராக இருந்து வேதசாட்சியான புனித செபஸ்தியாரின் சுரூபத்துக்கு முன் தாய் மெழுகுதிரி ஏற்றுகிறாள். பங்குத்தந்தை சிரசில் கை வைத்து ஆசீர் அளிக்கிறார். கழுத்தில் உத்தரியம், பையில் முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும். மதுரை சந்திப்பில் ரயில் நகரும்வரை குடும்பமே நடைமேடையில் நிற்கிறது. இவற்றுள் ஒன்றும் வேண்டாதது அல்ல. இவை நம் விசுவாசத்தின் நல்ல கனிகள். ஆனால் அந்த வீட்டின் பீரோவைத் திறந்தால் என்ன காண்கிறோம்? நிலத்தின் பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கிறது. காப்பீட்டுப் பத்திரத்தில் திருமணத்துக்கு முன் எழுதிய பெயர் இருக்கிறது. வங்கிக் கணக்கு அவன் ஒருவன் பெயரில் மட்டும் இருக்கிறது. உயில் என்ற ஒன்று இல்லவே இல்லை. வினவினால், "நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறபோது அந்தப் பேச்சு எதற்கு?" என்று வாயை அடைக்கிறார்கள்.

படை என்றால் முழுநேரப் படை மட்டுமே என்று எண்ணியிருந்தோர்க்கும் 2025ஆம் ஆண்டு ஒரு பாடம் கற்பித்தது. ‘டெரிட்டோரியல் ஆர்மி’ எனப்படும் பிராந்திய இராணுவத்தை 1949 அக்டோபர் 9 அன்று இராஜாஜி தொடங்கிவைத்தார். சொந்தத் தொழிலோ வேலையோ பார்த்துக்கொண்டே, ஆண்டில் சில வாரம் பயிற்சிக்குச் சென்று, நாடு அழைக்கும்போது சீருடை அணிவோரின் படை அது. கோயம்புத்தூரில் உள்ள 110ஆவது காலாட்படைப் பட்டாலியன் அதைச் சார்ந்தது. 2025 மே 6 அன்று, அப்படையினரை முழுப் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தைத் தரைப்படைத் தலைமைத் தளபதிக்கு மைய அரசு அளித்தது. 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐ அழைக்கலாம் என்றது அவ்வாணை. 2028 பிப்ரவரி 9 வரை அது செல்லும் என்றும் குறித்தது. கடையில் கணக்கெழுதிக்கொண்டிருப்பவன், தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் பதித்துக்கொண்டிருப்பவன், தனியார் நிறுவனத்தில் மேற்பார்வை பார்ப்பவன், எவனும் ஒரு கடிதத்தில் எல்லைக்குப் போக நேரலாம். அப்படி அழைக்கப்பட்டுத் திரும்புபவனை மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டியது முதலாளியின் கடமை என்று 1948ஆம் ஆண்டின் பிராந்திய இராணுவச் சட்டத்தின் 7ஏ பிரிவு சொல்கிறது. எத்தனை முதலாளிகளுக்கு இது தெரியும்? எத்தனை வீரர்களுக்குத் தெரியும்?

அபசகுனம் என்ற சொல்லுக்கு வருவோம். நாம் கிறித்தவர்கள். பூனை குறுக்கே போனால் திரும்பி வருவதில்லை என்று மார்தட்டுகிறோம். இராகு காலம் பார்ப்பவரை மனத்துக்குள் ஏளனம் செய்கிறோம். ஆனால் உயில் என்றதும் முகம் வெளுக்கிறோம். சிலர் இதற்கு ஞானப் போர்வையும் போர்த்துகிறார்கள்: எல்லாம் ஆண்டவர் கையில் இருக்கிறது, எழுதி வைப்பது அவர்மேல் நம்பிக்கைக் குறைவு என்பார்கள். இவர்கள் இணைச்சட்ட நூலின் 20ஆம் அதிகாரத்தை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். போருக்குப் புறப்படும் இஸ்ரயேல் மக்களிடம் அலுவலர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வீட்டைப் பற்றியவை. புது வீடு கட்டிக் குடிபுகாதவன் உண்டா? திராட்சைத் தோட்டம் நட்டு அதன் பலனை உண்ணாதவன் உண்டா? மண ஒப்பந்தம் செய்து இன்னும் மணம் முடிக்காதவன் உண்டா? இருந்தால் அவன் வீடு திரும்பட்டும் என்கிறது திருச்சட்டம். அவன் போரில் இறந்தால் அந்த வீடும் தோட்டமும் பெண்ணும் வேறொருவனுக்குப் போகும் என்று காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்கிறது. அந்நூலின் 24ஆம் அதிகாரம் புதிதாக மணந்தவனுக்கு ஓராண்டு விலக்கு அளிக்கிறது. படைகளின் ஆண்டவர் என்று நாம் வழிபடும் இறைவனின் சட்டமே, சாவு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லி, வீட்டுக் காரியத்தை முடித்துவிட்டு வா என்கிறது. நம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான வேதபாகம் வேறு இல்லை. (பன்னீர்த் திராட்சையை 1832இல் தமிழகத்துக்குக் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுக் குரு என்று சொல்லப்படுகிறது, 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடியை ஏற்றுக்கொண்ட நாம் தோட்டத்தைப் பற்றிய கட்டளையை மட்டும் மறந்தோம்.)

எழுதாமல் விடுவதால் என்ன கெடும் என்று கேட்போர்க்கு இனி சட்டம் பதில் சொல்லட்டும். இங்கே சற்று நின்று கவனிக்குமாறு வேண்டுகிறோம். கத்தோலிக்கக் குடும்பத்தின் நிலை அண்டை வீட்டு இந்துக் குடும்பத்தின் நிலையிலிருந்து வேறானது. இதைப் பலர் அறியார்.

உயில் எழுதாமல் இறந்த கிறித்தவனின் சொத்து 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பெற்ற தாய்க்கு? ஒன்றுமில்லை. பிள்ளை இல்லாமல் இறந்தால் பாதி மனைவிக்கு. மறுபாதி, தந்தை உயிரோடிருந்தால் தந்தைக்கு மட்டும். அப்போதும் தாய்க்கு ஒன்றுமில்லை. தந்தையும் இல்லாவிட்டால்தான், இறந்தவனின் உடன்பிறந்தாரோடு சமமாகத் தாய் ஒரு பங்கு பெறுவாள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலோ இறந்த மகனின் தாய் முதல் வகுப்பு வாரிசு. மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் அவளும் சமமாக நிற்கிறாள். ஒரே தெருவில் இரண்டு தாய்மார். இருவரின் மகன்களும் ஒரே படையில். ஒருத்திக்குச் சட்டம் இடம் தருகிறது; மற்றவளை, செபமாலையைக் கையில் பிடித்து நிற்கும் நம்மவளை, வாசலில் நிறுத்துகிறது. இந்திய சட்ட ஆணையம் 2014இல் தன் 247ஆவது அறிக்கையில் தாயைத் தந்தைக்கு நிகராக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது. மாதாவுக்குப் பத்து நாள் விழா எடுக்கும் நாம், தாயை விலக்கும் சட்டத்தை எதிர்த்து ஒரு மனுவேனும் அனுப்பியதுண்டா?

சட்டம் மாறும்வரை அந்தத் தாய்க்கு ஒரே காப்பு மகன் எழுதும் உயில். அதிலும் ஒரு பொறி உண்டு. பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தவன், யாரோ ஒரு நல்ல சுபேதார் சொன்னதைக் கேட்டுத் தாயின் பெயருக்கு உயில் எழுதிவிட்டான் என்றே கொள்வோம். இருபத்தேழில் மணம் முடிக்கிறான். பீடத்தின்முன் அவன் சம்மதம் சொன்ன அன்றே அந்த உயில் செத்துப்போகிறது. கிறித்தவன் எழுதிய உயிலை அவனுடைய திருமணம் இரத்துச் செய்துவிடும் என்கிறது வாரிசுரிமைச் சட்டத்தின் 69ஆவது பிரிவு. இந்துக்களுக்கு இவ்விதி இல்லை. நம் பங்குகளில் திருமணத் தயாரிப்பு வகுப்பு நடக்கிறது. ஓலை மூன்று முறை வாசிக்கப்படுகிறது. குடும்பக் கட்டுப்பாடு முதல் மாமியார் மருமகள் உறவு வரை பேசப்படுகிறது. முன்பு எழுதிய உயில் இன்றோடு செல்லாது, புதிதாக எழுதுங்கள் என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லும் வகுப்பை நாம் இதுவரை கேட்டதில்லை.

போர்க்களத்தில் இருப்பவனுக்கு மட்டும் சட்டம் ஒரு சலுகை தருகிறது. இது மிகப் பழைய சலுகை. மாமன்னர் கான்ஸ்டன்டைன் காலத்தில், 334இல், களத்தில் சாகும் வீரன் தன் இரத்தத்தால் கேடயத்தில் எழுதினாலும் வாளால் புழுதியில் கீறினாலும் அது உயிலாகும் என்று உரோமைச் சட்டம் வகுத்தது. அந்த மரபின் தொடர்ச்சிதான் நம் வாரிசுரிமைச் சட்டத்தின் 65, 66ஆம் பிரிவுகள். படையெடுப்பிலோ நேரடிப் போரிலோ ஈடுபட்டுள்ள, பதினெட்டு வயது நிறைந்த வீரன் தன் கைப்பட முழுவதும் எழுதினால் கையொப்பமோ சாட்சியோ இல்லாமலே செல்லும். ஒரே நேரத்தில் இருக்கும் இரு சாட்சிகள்முன் வாயால் சொன்னாலும் செல்லும். ஆனால் வாய்மொழி உயிலுக்கு ஆயுள் குறைவு. அவன் உயிரோடு அந்தப் போர்நிலையிலிருந்து நீங்கிய ஒரு மாதத்தில் அது அற்றுப்போகும். மேலும், அமைதிக்கால முகாமில் இருப்பவனுக்கும், ரயிலில் போய்க்கொண்டிருப்பவனுக்கும், விடுப்பில் வந்து தேனிச் சாலையில் விபத்துக்குள்ளாகுபவனுக்கும் இச்சலுகை இல்லை. ஆகவே "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது பேதைமை. வீட்டில் அமர்ந்து, வெள்ளைத்தாளில், இரு சாட்சிகள் ஒப்பமிட எழுதும் சாதாரண உயிலே பாதுகாப்பானது. அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு செய்வது நன்று, கட்டாயமில்லை.

அடுத்தது, "எல்லாம் மிலிட்டரியே பார்த்துக்கொள்ளும்" என்ற வாதம். படை பலவற்றைப் பார்த்துக்கொள்கிறது. அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் படை தன் ஏட்டில் உள்ள பெயருக்குத்தான் பார்க்கும். திருமணமும் பிள்ளைப்பேறும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்று வீரர்கள் சொல்லும் ஆணையில் ஏறினால்தான் ஆவணக் காப்பகத்துக்கு மனைவி மனைவியாவாள், பிள்ளை பிள்ளையாகும். இங்கேதான் கத்தோலிக்கருக்கே உரிய ஒரு சங்கடம் வந்து சேர்கிறது. திருமுழுக்குப் பதிவேட்டில் அவன் அருளப்பன்; பள்ளிச் சான்றிதழில் ஜான். தந்தை ஓரிடத்தில் இராயப்பன், வேறிடத்தில் பீட்டர். சூசை ஜோசப்பாகிறார், யாகப்பன் ஜேம்ஸ் ஆகிறார். நமக்கு இவை ஒரே புனிதரின் இரு பெயர்கள். ஆயிரம் மைல் அப்பால் கோப்பைப் புரட்டும் எழுத்தருக்கோ இரு வேறு மனிதர்கள். நாம் அறிந்த ஒரு வீட்டில், கணவன் இறந்த முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த கையோடு, கைம்பெண்ணின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருப்பது தெரியவந்தது. செபஸ்தியம்மாள், செபஸ்தியாள், பள்ளியில் யாரோ சுருக்கிய அம்மாள். மூவரும் ஒருவரே என்று நிறுவ அவள் ஏறி இறங்கிய படிகளை எண்ணினால் ஒரு சிலுவைப்பாதை. பிள்ளை உயிரோடு விடுப்பில் வந்திருந்தபோது ஓர் உறுதிமொழி ஆவணமும் அரசிதழ் அறிவிப்பும் இதை முடித்திருக்கும்.

நாமினி என்ற சொல்லும் மக்களை ஏமாற்றுகிறது. நாமினியாகப் பெயர் இருப்பவருக்கே பணம் சொந்தம் என்று ஊர் நம்புகிறது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, சொந்தக்காரர் வாரிசுகளே என்று 1983இல் சர்பத்தி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆயுள் காப்பீட்டைப் பற்றிச் சொன்னது. 2015இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களே பயனடைவர் என்றாயிற்று. ஆனால் பங்குப் பத்திரங்களில் நாமினியின் பெயர் வாரிசுரிமையை வெல்லாது என்று 2023 டிசம்பரில் மீண்டும் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு பணத்துக்கும் ஒவ்வொரு நியதி. குடும்ப ஓய்வூதியத்தின் நியதி இன்னும் வேறு. அது இறந்தவனின் சொத்தே அன்று, உயில் எழுதி வேறொருவருக்குத் தர இயலாது என்று 1991இல் வயலட் ஐசக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அவ்வழக்கு இரயில்வே ஊழியர் ஒருவரின் குடும்பத்தில் எழுந்தது. இறந்தவரின் சகோதரர் உயிலைக் காட்டி உரிமை கோர, மனைவி உச்ச நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது. உயிலால் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பதை முன்பே அறிந்திருந்தால் அண்ணியும் கொழுந்தனும் எதிரெதிரே நின்றிருக்க மாட்டார்கள்.

2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். நான்காண்டுப் பணி; ஓய்வூதியம் இல்லை. நால்வரில் ஒருவர் அளவுக்கே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர். 48 இலட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு என்று திட்டம் அறிவிக்கப்பட்டபோதே சொன்னார்கள். மாதந்தோறும் வந்து காக்கும் ஓய்வூதியம் இல்லாத இடத்தில், ஒரே தவணையில் வரும் பெருந்தொகை யார் கைக்கு, எதற்காக என்பதை அந்தப் பிள்ளை எழுதி வைப்பது மேலும் அவசியமாகிறதா, குறைகிறதா?

வழக்குகளைப் பற்றியும் ஒரு சொல். வரப்புத் தகராறு இல்லாத ஊர் நம் பள்ளத்தாக்கில் இல்லை. பிள்ளை அருணாசலத்தில் பனியில் நிற்க, இங்கே பங்காளி வழக்குத் தொடுத்து ஒருதலைத் தீர்ப்பு வாங்கிவிடுவான் என்ற அச்சம் பல வீடுகளில் உண்டு. 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. போர்ச் சூழலிலோ அச்சட்டம் குறிக்கும் சிறப்புச் சூழலிலோ பணிபுரியும் வீரன் நீதிமன்றம் வர இயலாதபோது, மாவட்ட ஆட்சியர் அதை நீதிமன்றத்துக்குச் சான்றளிக்கலாம், வழக்கு நிறுத்திவைக்கப்படும், அவன் இல்லாதபோது பிறந்த தீர்ப்பையும் நீக்க வழி உண்டு. 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் 28ஆம் பிரிவில் அவன் சம்பளத்தைக் கடனுக்காக ஜப்தி செய்வதைத் தடுக்கிறது. வழக்கை நடத்தவென்றே விடுப்பில் வந்திருப்பதாகச் சான்று காட்டினால், கூடியவரை அந்த விடுப்புக்குள்ளேயே விசாரித்து முடிக்க வேண்டும் என்று 32ஆம் பிரிவு நீதிமன்றத்தைப் பணிக்கிறது. மூன்று வாரம் விடுப்பில் வந்து இரண்டு வாரத்தை வாய்தாவுக்கு அலைந்தே கழித்தவர்கள், இச்சான்றைப் பற்றி முன்பே கேட்டிருந்தால் பிள்ளைகளோடு சுருளி அருவிக்காவது போய் வந்திருப்பார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை வீட்டுக்குள் இருக்கிறது. கணவனிடம் "எனக்கும் பிள்ளைக்கும் என்ன வழி?" என்று கேட்கும் மருமகளைப் பணத்தாசைக்காரி என்கிறோம். "என்னை நினைத்தாயா?" என்று கேட்கும் தாயை மருமகளின் வாழ்வைப் பறிப்பவள் என்கிறோம். ஆகவே இருவரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. 1999 கார்கில் போருக்குப் பின் எத்தனையோ வீடுகளில் இழப்பீட்டுத் தொகை மாமியாரையும் மருமகளையும் பகைவராக்கியதை நாடு கண்டது. 2024இல் கீர்த்தி சக்கரம் பெற்ற ஓர் அதிகாரியின் பெற்றோர், நெருங்கிய உறவினர் யார் என்பதை வரையறுக்கும் விதியையே மாற்றுமாறு வெளிப்படையாகக் கோரினர். அந்தப் பெற்றோர் பக்கமா, அந்த இளம் கைம்பெண் பக்கமா என்று நாடே பட்டிமன்றம் நடத்தியது. நாம் எந்தப் பக்கமும் பேசப்போவதில்லை. பேச வேண்டியவன் பேசக்கூடிய நாளில் பேசாமல் போனால், அவனுக்காக ஊர் பேசும். உயில் என்ற பெயரில் மனைவியை வெறுங்கையாக்கும் கொடுமையையும் நாம் ஆதரிக்கவில்லை. கிறித்தவன் தன் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதலாம் என்று சட்டம் விட்டிருக்கிறது என்பதற்காக, அவன் அநீதியாக எழுதலாம் என்று மனச்சான்று விட்டுவிடாது. தாயும் மனைவியும் பக்கத்தில் அமர்ந்திருக்க, இருவர் காதிலும் விழும்படி வாசித்துக் காட்டப்படும் உயிலே நல்ல உயில்.

இவ்வளவையும் செய்வது யார்? தேனியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26 அன்று படைவீரர் குடும்பங்களுக்கென ‘வீர் பரிவார் சகாயதா’ என்ற இலவச சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கி, படைவீரர் நல அலுவலகங்களிலேயே உதவி மையங்களை அமைக்கப் பணித்தது. வழி உண்டு; அதில் நடத்திச் செல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்கப் பங்குப் பேரவை ஏன் முன்வரக்கூடாது? "அது உலகக் காரியம்" என்று சொல்லும் பேரவை உறுப்பினர்களைப் பார்த்து ஒன்று கேட்கிறோம்: கோயில் நிலத்தின் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் நீங்கள் எத்தனை கவனமாகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்! அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு நம் படைவீரர் வீடுகளுக்குக் கிடைத்தால் போதும். நவம்பரில் இறந்தோரின் பெயர்களை எழுதி வாங்கி மன்றாடுகிறோம். அதே மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், பங்கு மண்டபத்தில் வழக்கறிஞர் ஒருவரையும் முன்னாள் படைவீரர் ஒருவரையும் அமர்த்தி, படையில் பிள்ளை உள்ள வீட்டாரைப் பெட்டியிலுள்ள காகிதங்களோடு வரச்சொல்ல ஆகும் செலவு தேநீரும் வடையும்தான். வரும் ஆண்டின் திருமணத் தயாரிப்பு வகுப்பில் அரைமணி நேரம் ஒதுக்கலாம். திருமுழுக்குப் பதிவேட்டில் பெயர் எழுதும் போதே, பள்ளியிலும் இதே எழுத்துகளில் எழுதுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லி அனுப்பலாம்.

ஒரு எச்சரிக்கை வேண்டும். குருக்கள் உயிலில் தலையிட்டால் கோயிலுக்கு எழுதி வாங்கிவிடுவார்கள் என்ற பழைய சந்தேகம் நம் மக்களிடம் இன்றும் இருக்கிறது. நெருங்கிய உறவினர் உள்ள கிறித்தவன் அறக்காரியத்துக்கு எழுதும் உயில், சாவுக்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதப்பட்டிராவிட்டால் செல்லாது என்று வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு சொல்லிவந்ததும் அத்தகைய சந்தேகத்தால்தான். கேரளத்தின் ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. தடை நீங்கியிருப்பதாலேயே நாம் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும். இந்த உதவியில் பங்குக்கு ஒரு சென்ட் நிலமும் ஒரு ரூபாயும் வரக்கூடாது.

வரக்கூடாது என்பதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. உயிலுக்குச் சாட்சிக் கையொப்பமிட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ அந்த உயிலில் எழுதப்பட்ட பங்கு செல்லாது என்கிறது 67ஆம் பிரிவு. தம்பியின் உயிலில் அண்ணன் சாட்சிக் கையொப்பமிட்டால் அண்ணனுக்கு எழுதியதும் போகும், அண்ணிக்கு எழுதியதும் போகும். ஆகவே சொந்தக்காரர் யாரையும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அடுத்த விடுப்பில் உங்கள் பிள்ளை வரும்போது, ஆசீர் வாங்கக் கோயிலுக்குப் போகும் அந்தக் காலையிலேயே தாளையும் எடுத்துச் செல்லுங்கள். பங்குத்தந்தையும் கோயில்பிள்ளையும் அங்கேதான் இருப்பார்கள். இருவருக்கும் அதில் பங்கில்லை.